பல்லும் கல்லும்

கடந்த நோன்புக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் பெரிய துப்புரவு நடந்தது. உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றே கூப்பிடுவோம். அப்பா வபாத்தாகி அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை அவருடைய அறையை யாரும் தொடவில்லை. அலுமாரியை ஒதுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்பா கல் வியாபாரி. பெரிய வியாபாரி அல்ல. இரத்தினபுரியில் காலையில் கடைத்தெருவுக்குப் போய் மாலையில் ஒன்றிரண்டு கல்லோடோ வெறுங்கையோடோ திரும்பும் ஆயிரம் பேரில் ஒருவர். சில குழிகளில் சிறு பங்கும் அவருக்கு இருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டி இருந்தது. உள்ளே கல் பார்க்கும் கண்ணாடி, இடுக்கி, ஒரு டோர்ச், கல் மடிப்பது போலவே மடித்துவைத்த இரண்டு கடதாசிப் பொட்டலங்கள்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். மாணிக்கம் இருக்கும் என்று நினைத்த எனக்கு ஏமாற்றம். தீப்பெட்டி அளவில் கறுத்த ஏதோ ஒன்று, காய்ந்த களிமண் அப்பியபடி இருந்தது. கடதாசியில் மங்கிய மையில் அரபு எழுத்துகள். அரபு எழுத்து என்பதால் அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கிழிந்த பழைய கிதாபுத் தாள்களோடு சேர்த்து வளவின் மூலையில் மரியாதையாக எரித்தேன். பிறகு அந்தக் கறுத்த பொருளைப் பைப்படிக்குக் கொண்டுபோய், பழைய பல் துலக்கியாலும் சவர்க்காரத்தாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மண் முழுவதும் போயிற்று. அது ஒரு பல்! பெரிய, தடித்த, கல்லைப் போல் கனக்கும் பல்.

தரம் 6 படிக்கும் என் தம்பி ஓடி வந்தான்.

"ராத்தா, இது டைனோசர்ட பல்லா?"

"ஆருக்குத் தெரியும்? தொல்பொருள் ஆராயிற ஆக்களுக்கிட்டத்தான் கேக்கணும்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தது. அன்று காலை நான் செய்த வேலையில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. இரண்டும் எனக்குப் பிறகுதான் விளங்கின.

முதலில் சின்னப் பிழையைச் சொல்கிறேன். அடுத்த நாள் பாடசாலையில் எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "தொல்பொருளியல் வேறு, தொல்லுயிரியல் வேறு. இரண்டு பேரும் மண்ணைத் தோண்டுவார்கள் என்பதற்காக இரண்டு பேரும் ஒருவராகிவிட மாட்டார்கள். மீன்காரரும் முத்துக் குளிப்பவரும் ஒரே கடலுக்குத்தானே போகிறார்கள்?" என்றார். வீட்டுக்கு வந்து தம்பிக்கு அதை விளங்கப்படுத்த முயன்றேன். அவனுக்குச் சொல்லப் போய்த்தான் எனக்கே தெளிவு வந்தது. சின்ன வகுப்புத் தங்கைகளும் வாசிப்பார்கள் என்பதால் அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கும் எழுதுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் வளவை நினைத்துப் பாருங்கள். அடுப்பு மூட்டிய மூன்று கற்கள், கரி, உடைந்த ஒரு கோப்பை, சஹன் கழுவிய இடத்தில் சோற்றுப் பருக்கைகள், ஒரு மூலையில் ஆட்டு எலும்புகள். நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பல நூறு வருடங்களின் பின் இரண்டு பேர் வந்து இந்த இடத்தைத் தோண்டுகிறார்கள்.

ஒருவர் அடுப்புக் கற்களைப் பார்க்கிறார். இங்கே எத்தனை பேருக்குச் சமைத்தார்கள்? கோப்பை எங்கே செய்யப்பட்டது? எலும்பில் கத்தி பட்ட கீறல் இருக்கிறதா? மூட்டில் பழகிய கை வெட்டியதா, பழகாத கை வெட்டியதா? அவர் தேடுவது மனிதரை. அவர் தொல்பொருளியலாளர். மனிதர் செய்த பொருள், கட்டிய வீடு, எழுதிய கல், எரித்த அடுப்பு, எறிந்த குப்பை ஆகிய அனைத்தும் அவருடைய பாடம்.

மற்றவர் எலும்பை எடுத்து அது எந்தப் பிராணி என்று பார்க்கிறார். தாடையைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். எத்தனை வயது? எதைத் தின்று வாழ்ந்தது? இதன் மூதாதை எது? அப்போது இந்த நிலம் காடா, புல்வெளியா, சதுப்பா? அவர் தேடுவது உயிரினங்களின் வரலாற்றை. அவர் தொல்லுயிரியலாளர். உண்மையில் ஒரு பெருநாள் ஆட்டெலும்பு அவருக்கு மிகவும் புதியது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து, கனியுப்புகள் ஏறி, உயிர்ச்சுவடாக மாறிய எலும்புகள், பற்கள், ஓடுகள், இலைத் தடங்கள் என்பவைதான் அவர் வழக்கமாகக் கையாள்பவை.

"பல்லப் பாத்து வயசு செல்லேலுமா?" என்று தம்பி சந்தேகப்பட்டான்.

"உழ்ஹிய்யாவுக்கு மாடு வாங்கப் போனா வாப்பா என்ன செய்வார்?"

அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது. வாப்பா மாட்டின் வாயைத் திறந்து, பால் பல் விழுந்து பெரிய பல் முளைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் இரண்டு வயது ஆனதை உறுதிப்படுத்துவார். தொல்லுயிரியலாளரும் அதே வாயைத்தான் திறக்கிறார். மாடுதான் இல்லை, தாடை மட்டும் இருக்கிறது.

காலத்தைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஆயிரம் வருடமும் கோடி வருடமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் அவனுடைய அடிமட்டத்தை எடுத்து, ஒரு மில்லிமீற்றர் ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டோம். அவனுடைய முழு வாழ்நாளும் ஒரு விரல் நகத்தின் அகலம். அப்பாவின் வாழ்நாள் ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட.

காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டை எங்களில் பலர் கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்த்திருப்போம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய கல் அது. 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் மூன்று சமயத்தாரையும் மதித்து எழுதப்பட்டிருக்கிறது. 1911இல் அது கிடைத்தபோது, காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாக முகம் குப்புறக் கிடந்தது. எங்கள் அடிமட்டக் கணக்கில் அந்தக் கல்லின் வயது இரண்டு அடிமட்டத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அது தொல்பொருளியல்.

களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியங்கல குகையில் மனிதர் வாழ்ந்த தடயங்கள் ஏறக்குறைய 48,000 வருடங்கள் வரை பின்னோக்கிப் போகின்றன. அது 48 மீற்றர். எங்கள் வாசலிலிருந்து பள்ளிவாசல் சந்தி வரை. அதுவும் தொல்பொருளியல்தான். உலகில் எங்கள் மனித இனத்தின் வயது சுமார் 300,000 வருடங்கள் என்கிறார்கள். அது 300 மீற்றர். கடைத்தெருவின் முடிவு.

"டைனோசர்?"

பறவைகளை விட்டுவிட்டால், டைனோசர்கள் அழிந்தது 66 மில்லியன் வருடங்களுக்கு முன். எங்கள் அடிமட்டத்தில் அது 66 கிலோமீற்றர். இரத்தினபுரியில் பஸ் ஏறி, அவிசாவளையைத் தாண்டி, கொழும்புப் பக்கம் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். தம்பி வாயைப் பிளந்தான். மனிதர் நின்ற கடைத்தெருவுக்கும் டைனோசர் நின்ற இடத்துக்கும் இடையில் பாதையின் மிகப் பெரும்பகுதி மனிதரே இல்லாத பகுதி. அந்தப் பகுதியில் தொல்பொருளியலாளருக்கு வேலையே இல்லை. அது முழுவதும் தொல்லுயிரியலாளருடைய ராஜ்யம். புத்தளம் பக்கம் தப்போவயில் ஜுராசிக் காலத்து இலைத் தடங்கள் பாறையில் கிடைத்திருக்கின்றன. அவையும் டைனோசர் காலத்தவை. தொல்லுயிரியல் என்றால் எலும்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஓர் இலையும் போதும்.

கருவிகளும் வேறுபடும். குகையில் கிடைக்கும் அடுப்புக் கரியின் வயதைக் காபன் 14 முறையால் கணிக்கலாம். அந்தக் காபன் 5,730 வருடங்களுக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சுமார் 50,000 வருடங்களுக்கு அப்பால் அளக்கப் போதியது மிஞ்சாது. அதனால் டைனோசரின் வயதை அந்த முறையில் கேட்க முடியாது. எலும்பு கிடந்த பாறைப் படைகளுக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் போன்றவற்றைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் சொல்லி முடித்த பெருமையில் நான் இருந்தபோதுதான் உம்மும்மா இரண்டாவது பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

"மத்தக் கடதாசி எங்க புள்ள?"

"எரிச்சிட்டன் உம்மும்மா. அரபு எழுத்து இருந்திச்சி, அதான்."

உம்மும்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது அரபில்ல மகள், அரபுத் தமிழ். ஒங்கட அப்பா குழிட கணக்கெல்லாம் அதிலதான் எழுதுவார். எங்க கெடச்ச, எவ்வளவு ஆழம் எல்லாம் அதில ஈக்கும்."

அரபு எழுத்தில் தமிழை எழுதுவது எங்கள் மூத்தவர்கள் ஓதப்பள்ளிக் காலத்திலேயே பழகிய வழக்கம். கல் வியாபாரத்தில் மற்றவர்கள் வாசிக்க முடியாத எழுத்து ஒன்று இருப்பது அப்பாவுக்கு வசதியாகவும் இருந்திருக்கும். நான் மரியாதை என்று நினைத்து எரித்தது என் அப்பாவின் வார்த்தைகளை. பைப்படியில் நான் கழுவிவிட்ட களிமண்ணும் ஒரு சாட்சிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது பொட்டலத்தில் ஒரு சிறு பளிங்குத் துண்டு இருந்தது. விரல் நுனி அளவு. ஒரு பக்கம் சவர அலகு போல் கூர்மை. கல் வியாபாரிக்கு ஐந்து சதத்துக்கும் பெறுமதி இல்லாதது. உம்மும்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியை எழுத்துக் கூட்டி வாசித்தார்: குருவிட்ட ரோட்டு, ஆத்தோர வயல், 18 முழம், இல்லத்துக்கு மேல், 1978.

இல்லம் என்பது குழியில் கல் கிடைக்கும் சரளைப் படை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். "வெறும் பளிங்க ஏன் உம்மும்மா மடிச்சி வெச்சார்?" என்று கேட்டேன்.

"ஆத்துத் தண்ணி உருட்டின கல்லுக்கு இப்படி ஓரம் வராது, இது ஆரோ தட்டின கல்லு எண்டு செல்லுவார்."

நான் அப்பாவோடு பதினேழு வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தேன். ஒரு நாளும் இந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு நான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் இரத்தினபுரியில் இவ்வளவு இருக்கிறதா என்று வியந்தேன். மாணிக்கக் குழிகளின் சரளையில் இன்று இலங்கையில் இல்லாத மிருகங்களின் பற்களும் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன: நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம். அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. அவர் 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். குருவிட்டப் பகுதியில் கிடைத்த பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கத்தை அவர் 1939இல் விவரித்தார். கொடியில் மட்டுமே நாம் கண்ட சிங்கம் ஒரு காலத்தில் குருவிட்டவில் உண்மையாகவே நடமாடியிருக்கிறது! மிருகத்தில் மிகக் கடினமான பகுதி பல்லின் மிளிரி. எலும்பு உக்கிப்போன பின்னும் பல் மிஞ்சுவது அதனால்தான்.

அவருடைய மகன் சிரான் தெரணியகல தொல்பொருளியலாளர். தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர். தகப்பன் அழிந்த மிருகங்களைத் தேடினார், மகன் மறைந்த மனிதரைத் தேடினார் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் முழு உண்மை அதைவிடச் சுவையானது. பலாங்கொடை மனிதன் என்று நாம் பாடநூலில் படிக்கும் பெயரைச் சூட்டியவரே தகப்பன்தான். குருவிட்டவுக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென குகையை முதலில் அவர் தோண்டினார். 1980களின் தொடக்கத்தில் மகன் மீண்டும் தோண்டினார். அங்கே மனித எலும்புகள், மிகச் சிறிய பளிங்குக் கருவிகள், சிப்பி மணிகள் கிடைத்தன. கூடவே அந்த மனிதர் தின்று எறிந்த குரங்கு எலும்புகளும் நத்தை ஓடுகளும் கெக்குனக் கொட்டை ஓடுகளும். குரங்கெலும்பைக் குரங்கெலும்பு என்று அறிய மிருகங்களைத் தெரிந்தவர் வேண்டும். அதைத் தின்றது யார் என்று சொல்ல மனிதரைத் தெரிந்தவர் வேண்டும். இரண்டு துறைக்கும் நடுவில் மதில் இல்லை, வேலிதான் இருக்கிறது. அயலவர் வேலிக்கு மேலால் கறி கொடுத்து வாங்குவது போல் அவர்கள் கொடுத்து வாங்குகிறார்கள்.

எங்கள் ஆசிரியை தனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் விடயத்தைச் சொன்னார். ஒரு சனிக்கிழமை, எஹெலபொல வளவில் உள்ள இரத்தினபுரி நூதனசாலையில் சந்திக்க ஏற்பாடானது. வாப்பாவுக்குக் கொஞ்சம் பயம். "இதெல்லாம் வீட்ல வெச்சிருந்த எண்டு சட்டப் பிரச்சின வருமோ?" என்று யோசித்தார். தொல்பொருள்களுக்கு 1940ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். நாங்கள் தோண்டவில்லை, ஒப்படைக்கத்தானே போகிறோம் என்று உம்மா சமாதானம் சொன்னார்.

ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. சிங்களத்தில் பேசினார். பல்லைக் கையில் வாங்கித் திருப்பினார். தேய்ந்த மேற்பரப்பில் மூவிதழ் இலை போன்ற வளையங்களை எனக்குக் காட்டினார். நீர்யானையின் கடைவாய்ப் பல் தேயும்போது அந்த வடிவம் தெரியுமாம். இந்த ஊரில் வாழ்ந்து அழிந்த நீர்யானைக்குக் கீழ்த்தாடை முன்புறத்தில் ஆறு வெட்டுப்பற்கள். ஆபிரிக்காவில் இன்றுள்ள பெரிய நீர்யானைக்கு நான்கு. தம்பி என் காதில், "டைனோசர் இல்லயா?" என்றான். ஆனால் முகத்தில் ஏமாற்றம் இல்லை. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் நீர்யானை நின்றது அவனுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அவர் பளிங்குத் துண்டைப் பார்த்தார். கூர்மையான ஓரத்தில் வரிசையாகத் தட்டிய தடங்கள் தெரிவதாகவும், நுணுக்குக்காட்டியில் பார்த்த பின்பே உறுதியாகச் சொல்லலாம் என்றும் சொன்னார். உம்மும்மா வாசித்துச் சொன்னதை எங்கள் உடைந்த சிங்களத்தில் சொன்னோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பல்லும் அதே குழியில், அதே ஆழத்தில் கிடைத்ததா?"

"ஓம், ஓம். ஒரே பெட்டியிலதான் இருந்தது" என்றார் வாப்பா, உற்சாகமாக.

ஆய்வாளர் பேனையைத் திறந்தார்.

அந்த நொடியை நான் மறக்க மாட்டேன். ஒரு தலையசைப்புப் போதும். அப்பாவின் பல் ஊரும் ஆழமும் உள்ள பல்லாகிவிடும். நான் எரித்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அப்பாவுக்கு நான் செய்த பிழை மூடப்பட்டுவிடும். ஒரே பெட்டி, ஒரே கையெழுத்து. அதே குழியாக இருக்கவும்கூடும்.

ஆனால் நான் வாசித்தது ஞாபகம் வந்தது. எங்கள் சரளைப் படைகள் வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து கலந்தவை. அதனால் ஒரே படையில் கிடைத்த இரண்டு பொருள்கள் ஒரே காலத்தவை என்று சொல்வதே கடினம். இந்த மண்ணில் நீர்யானையும் கல்லாயுதம் செய்த மனிதரும் ஒருவரையொருவர் கண்டார்களா என்பது பெரிய கேள்வி. பல்லையும் கல்லையும் ஒரே குழியில் நான் வாயால் போட்டுவிட்டால், அந்தக் கேள்விக்குப் பொய்யான ஒரு சாட்சியை நானே எழுதிக் கொடுத்தவளாவேன். நாளை யாராவது அதை நம்பி மேலே கட்டுவார்கள்.

"இல்ல வாப்பா," என்றேன். பிறகு அவரிடம் சிங்களத்தில் சொன்னேன்: பல்லைச் சுற்றிய கடதாசி வேறு, அதை நான் எரித்துவிட்டேன், பல்லில் இருந்த மண்ணையும் கழுவிவிட்டேன், அது எந்தக் குழி என்று எங்களுக்குத் தெரியாது.

வாப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆய்வாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பல்லுக்கு ஒரு துண்டும் கல்லுக்கு ஒரு துண்டும் தனித்தனியாக எழுதினார். கல்லின் துண்டில் அப்பாவின் வரிகள் முழுவதும் ஏறின. பல்லின் துண்டில், கிடைத்த இடம்: தெரியவில்லை.

எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "பொருள் பாதிதான் பேசும். மீதியைப் பேசுவது அது கிடந்த இடம். உங்கள் பாட்டனாருக்கு அது தெரிந்திருக்கிறது." மிருகத்தைத் தேடுபவருக்கும் மனிதரைத் தேடுபவருக்கும் பொதுவான சட்டம் இதுதான் என்று அப்போது விளங்கியது. எந்தப் படையில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் என்ற விபரம் போய்விட்டால், மிஞ்சுவது அழகான ஒரு கல் மட்டும்தான். ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த அல்பிரூனி, இந்தியாவின் ஆற்றுக் கற்கள் மலைக்கு அருகில் பெரிதாகவும் தூரத்தில் சிறிதாகவும் இருப்பதைக் கவனித்து, அந்தச் சமவெளி முன்பு கடலாக இருந்து மண்ணால் நிரம்பியது என்று ஊகித்தார். அவர் பார்த்ததும் கல்லை மட்டுமல்ல, கல் கிடந்த இடத்தையும்தான்.

வரும் வழியில் வாப்பா பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னார்:

"ஒங்கட அப்பா சுட்ட கல்லச் சுடாத கல்லு எண்டு ஒரு நாளும் வித்ததில்ல மகள். நீ செல்லினது சரி."

கல் ஊரில் பிறந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். நெருப்பில் சூடு காட்டினால் மங்கிய நீலமும் ஒளிரும். சூடு காட்டியதை மறைத்தால் விலை பல மடங்கு ஏறும். வாங்குபவருக்குத் தெரியாமலே போகலாம். விற்றவருக்குத் தெரியும்.

உயர்தரத்துக்குப் பிறகு இந்தத் துறையில்தான் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, சாச்சி ஒருவர் "பொம்புளப் புள்ளைக்கு மண் தோண்டுற வேலையா?" என்றார். நான் அவருக்கு மேரி அனிங்கின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தின் கரையோர ஊரான லைம் றீஜிஸில் 1799இல் பிறந்த ஏழைப் பெண். அவளுடைய அண்ணன் ஒரு பெரிய தலையோட்டைப் பாறையில் கண்டான். மீதி எலும்புகளை அவள் கண்டுபிடித்தபோது அவளுக்கு 12, 13 வயதுதான். அது இக்தியோசர் என்னும் கடல்வாழ் ஊர்வன. 1823இல் பிளீசியோசர் ஒன்றின் முழு எலும்புக்கூட்டையும் கண்டாள். அவளிடம் வாங்கியவற்றை வைத்து ஆண்கள் கட்டுரை எழுதினார்கள். இலண்டன் புவியியல் சங்கத்தில் அன்று பெண்களுக்கு இடமில்லை. "அவவுக்கு இல்லாத இடம் எங்களுக்கு ஈக்கிது சாச்சி" என்றேன். சாச்சி முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பல்லின் படத்தைக் காட்டச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார்.

இப்போது அஸருக்குப் பிறகு உம்மும்மா எனக்கு அரபுத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறார். அப்பாவின் கணக்குக் கொப்பிகள் இரண்டு அலுமாரியின் மேல்தட்டில் அகப்பட்டன. பெரும்பாலும் அரிசி, மண்ணெண்ணெய், குழிக்குப் பலகை, கூலி. நீர்யானைப் பல்லைப் பற்றி ஒரு வரியாவது வரும் என்று ஒவ்வொரு பக்கமாகக் கூட்டி வாசிக்கிறேன். இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன்.

இதை வாசிக்கும் தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அலுமாரியிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறக்கும்போது கழுவாதீர்கள், கடதாசியைப் பிரிக்காதீர்கள். முதலில் அவர்களை உட்காரவைத்து, எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். கேட்க அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

நேற்றுத் தம்பி வளவில் ஒரு உடைந்த பீங்கான் துண்டைக் கண்டெடுத்தான். கழுவவில்லை. கொப்பித் தாளில் கல் மடிப்பது போல் மடித்து, மேலே எழுதியிருந்தான்: கொய்யா மரத்துக்குக் கீழ், அரை முழம், செவ்வாய்க்கிழமை. அது போன வருடம் உம்மா உடைத்த கோப்பை. நான் சிரிக்கவில்லை. அப்பாவின் தகரப் பெட்டியைத் துடைத்து அவனிடம் கொடுத்தேன்.